முப்பது நாளில் ஒரு நாவல்: துணிவதா, வேண்டாமா?

ஒரே மாதத்தில் ஒரு நாவலை எழுதிவிட முடியுமா என்ற கேள்விக்குப் பலர் எழுதிக் காட்டியே விடை சொல்லிவிட்டார்கள். முடியும். எனக்கு முன்னால் நிற்கும் கேள்வி அதைவிடக் குறுகியது. தூத்துக்குடியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதும் வேலையைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்குப் போகும் மகளையும் வயதான மாமியாரையும் கவனித்துக்கொண்டு, நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஓர் உப்பளத்துக் கதையை 2026 நவம்பரில் தொடங்கி அந்த மாதத்துக்குள்ளேயே முதல் வரைவாக முடித்துவிட முயல்வது சரிதானா? இதைப் பல கோணங்களில் எடைபோட்டுப் பார்த்தேன். இதே எண்ணத்தோடு தயங்கி நிற்கும் வேறு எவருக்கேனும் உதவக்கூடும் என்பதால், எடைபோட்ட விதத்தை எழுதிவைக்கிறேன்.

நவம்பர் என்ற மாதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1999 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் கிறிஸ் பேட்டி என்பவர், தம்மோடு சேர்த்து 21 பேர் கொண்ட ஒரு சிறு குழுவாக, ஒரு மாதத்தில் ஆளுக்கொரு நாவல் எழுதுவது என்று தொடங்கிவைத்தார். மறு ஆண்டு அதை நவம்பருக்கு மாற்றினார்கள். அங்கே நவம்பர் மோசமான வானிலை கொண்ட மாதம். வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பொழுதை எழுத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதே காரணம். இலக்கு 50,000 சொற்கள், அதாவது நாளொன்றுக்கு 1,667. நானோரைமோ என்ற பெயரில் அது ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் கலந்துகொள்ளும் இயக்கமாக வளர்ந்தது. அன்றாடம் எழுதிய சொற்களின் எண்ணிக்கையைப் பதிந்தால் ஒரு வரைபடம் மேலேறும். ஊருக்கு ஊர் ஒன்றுகூடி உட்கார்ந்து எழுதுவார்கள். எரின் மார்கென்ஸ்டர்னின் 'தி நைட் சர்க்கஸ்' அப்படி நவம்பர்களில் முளைத்த நாவல்தான். ஆனால் அது அச்சுக்குப் போனது அந்த நவம்பர்களுக்குப் பிறகு பலமுறை திருத்தி எழுதப்பட்டு, 2011இல். இந்த இரண்டாம் பகுதியைப் பலரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

அந்த அமைப்பு இப்போது இல்லை. 2024 செப்டம்பரில், எழுத்துக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதை அடியோடு கண்டிப்பதில் வர்க்கப் பார்வையும் உடற்குறை கொண்டோரைப் புறக்கணிக்கும் பார்வையும் கலந்திருக்கின்றன என்று அது ஒரு நிலைப்பாட்டை வெளியிட்டது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதன் எழுத்தாளர் குழுவிலிருந்து சிலர் விலகினார்கள். முந்தைய ஆண்டே இளையோர் பாதுகாப்பு குறித்த குற்றச்சாட்டுகள் அதன் பெயரைக் கெடுத்திருந்தன. 2025 மார்ச் இறுதியில் நிதி நெருக்கடியைச் சொல்லி மூடுவதாக அறிவித்தார்கள். எனக்கு அதில் உண்மையான வருத்தம் உண்டு. முகம் தெரியாதவர்கள் ஒரே மாதத்தில் ஒரே பாரத்தைச் சுமக்கிறார்கள் என்ற நினைப்பு தனியாக எழுதுகிறவருக்குப் பெரிய துணை. இருந்தாலும் அந்தச் சர்ச்சை ஒரு விஷயத்தை எனக்குத் தெளிவாக்கியது. 50,000 சொற்களை ஓர் இயந்திரம் சில நிமிடங்களில் கொட்டிவிடும் என்றான பிறகு, எண்ணிக்கை எதற்கும் சான்று ஆகாது. அந்த மாதத்தில் நான் எதைக் கண்டுபிடித்தேன், எந்தப் பாத்திரத்தைப் புரிந்துகொண்டேன் என்பது மட்டுமே மிஞ்சும். ஆகவே என் முடிவு எண்ணிக்கையை நம்பி இருக்கக் கூடாது.

மாதத்துக்கொரு நாவல் என்பது நமக்குப் புதியதும் அன்று. ராணிமுத்து, மாலைமதி போன்ற மாத நாவல் இதழ்கள் பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கிய காலத்தைப் பார்த்து வளர்ந்தவள் நான். ராஜேஷ்குமார் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதியவர். ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை மகாபாரதத்தை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக எழுதி 26 நாவல்களாக முடித்தார். இந்த வேகத்தைக் குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவர்களுக்கு எதிரே பதிப்பாளரும் வாசகரும் காத்திருந்தார்கள், கை பழகியிருந்தது, எழுத்தே அன்றாடமாக இருந்தது. என்னைப் போல வேறு வேலையின் இடுக்கில் எழுத நினைக்கிறவர்கள் தங்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தகுந்தவர்கள், ஒரு நெருக்கடியில் ஒரே ஒரு முறை அப்படி எழுதியவர்கள்தான். அவர்களில் இருவரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

1866இல் ரஷ்ய எழுத்தாளர் தஸ்தயேவ்ஸ்கிக்கு இருந்த நெருக்கடி கொடியது. ஸ்தெல்லோவ்ஸ்கி என்ற பதிப்பாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படி நவம்பர் 1ஆம் தேதிக்குள் ஒரு புது நாவலைக் கொடுக்கவில்லை என்றால், அடுத்த ஒன்பது ஆண்டுகளுக்கு அவர் எழுதுவதையெல்லாம் காசு கொடுக்காமலே வெளியிடும் உரிமை அந்த ஆளுக்குப் போய்விடும். அக்டோபர் தொடக்கத்தில் அவர் கையில் ஒரு பக்கம்கூட இல்லை. அன்னா ஸ்னீத்கினா என்ற 20 வயதுச் சுருக்கெழுத்துப் பெண்ணை அமர்த்திக்கொண்டார். பகலில் அவர் சொல்லச் சொல்ல அவள் குறித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய் அதை விரித்து எழுதி மறுநாள் கொண்டுவந்தாள். அக்டோபர் 4 முதல் 29 வரை, 26 நாட்களில், 'சூதாடி' முடிந்தது. கெடு நாளில் பதிப்பாளர் ஊரிலேயே இல்லாமல் போய்விட, கைப்பிரதியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டியதாயிற்று. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் வெளிநாட்டில் சூதாட்டத்தில் சிக்கிய ஒரு ரஷ்யனைப் பற்றி எழுதப்போவதாக 1863இலேயே அவர் ரோமிலிருந்து தம் நண்பரான விமர்சகர் ஸ்த்ராகவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சூதாட்ட மேசையின் முன் தாமே உட்கார்ந்து கையில் இருந்ததையெல்லாம் இழந்தவர். அந்த 26 நாட்களுக்குப் பின்னால் மூன்று ஆண்டுகள் இருக்கின்றன.

இரண்டாமவர் ஆங்கில நாவலாசிரியர் கசுவோ இஷிகுரோ. 1987 கோடையில், முதல் நாவல்களுக்குக் கிடைத்த பெயரால் விருந்தும் பயணமும் பேட்டியுமாக நாட்கள் போய், எழுத்து நகராமல் நின்றபோது, அவரும் மனைவி லோர்னாவும் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். நான்கு வாரங்களுக்கு அவர் காலை 9 மணி முதல் இரவு 10:30 வரை எழுதுவார். மதிய உணவுக்கு ஒரு மணி நேரம், இரவு உணவுக்கு இரண்டு மணி நேரம், ஞாயிறு விடுமுறை. கடிதங்களைப் பார்க்க மாட்டார், தொலைபேசியை எடுக்க மாட்டார், யாரும் வீட்டுக்கு வரக் கூடாது. சமையலிலும் வீட்டு வேலையிலும் அவருடைய பங்கை அந்த நான்கு வாரமும் லோர்னா ஏற்றுக்கொண்டார். ஒரு மாளிகைப் பணியாளரின் கதையான 'தி ரிமெயின்ஸ் ஆஃப் தி டே' நாவலின் எலும்புக்கூடு அப்படித்தான் உருவானது. நடையைப் பற்றியோ முன்னுக்குப் பின் முரணைப் பற்றியோ கவலைப்படாமல் எழுதியதாகவும், மோசமான வாக்கியங்களை அப்படியே விட்டுவிட்டு மேலே போனதாகவும் அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே அவர் ஆங்கிலேயப் பணியாளர்களைப் பற்றியும் இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்து அரசியலைப் பற்றியும் தேவையான அளவு படித்து முடித்திருந்தார்.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இரண்டு உண்மைகள் எனக்குத் தெரிந்தன. அந்த மாதத்தில் நாவலைத் தேடிப் போனவர்கள் இல்லை இவர்கள். ஏற்கெனவே சேர்ந்திருந்ததை இறக்கிவைத்தவர்கள். அடுத்தது, இருவருக்கும் பின்னால் ஒரு பெண் இருந்தாள். ஒருத்தி இரவெல்லாம் விழித்து எழுதினாள். மற்றொருத்தி கணவனின் வேலையையும் சேர்த்துச் செய்தாள். எழுத நினைக்கும் பெண் இந்த இரண்டாவது உண்மையைக் கடந்து போய்விட முடியாது. எங்கள் ஊரிலும் மற்ற ஊர்களிலும் எழுதக்கூடிய எத்தனையோ பெண்கள் எழுதாமல் போனதற்குத் திறமைக் குறைவைவிட அடுப்படி பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எனவே மணிக்கணக்குப் பார்ப்பதற்கு முன் வீட்டில் பேசினேன்.

என் கணவர் துறைமுகத்தில் ஷிப்டு வேலை பார்ப்பவர். விவரம் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஒரு மாசம்தான, காலைச் சாப்பாட்டையும் பிள்ளையப் பள்ளிக்கூடத்துக்கு விடுறதையும் நான் பாத்துக்கிடுறேன். ஆனா ராத்திரி முழிச்சு உக்காரக் கூடாது, ஒனக்கு மறுநா ஆபீஸ் இருக்கு" என்றார். காலை ஷிப்டு வரும் வாரத்தில் என்ன செய்வது என்று கேட்டேன். அந்த வாரத்துக்கு மாவும் குழம்பும் முந்தின நாளே ஆயத்தமாகிவிடும் என்று அவரே ஒரு வழி சொன்னார். அத்தைக்கு வேறு கவலை. "தீபாவளிக்கு மட்டும் எழுத்தத் தூக்கி வச்சிரு தாயி, பிள்ளைக்கு முறுக்கு சுடணும்லா" என்றார். இந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 8ஆம் தேதி, மாதத்தின் முதல் வாரம் முடிகிற நேரம். அத்தை சொல்வது நியாயம். தீபாவளியையும் அதற்கு முந்தின நாளையும் கணக்கிலிருந்து கழித்துவிட்டேன்.

அடுத்தது, எழுத என்ன சேர்ந்திருக்கிறது என்ற கேள்வி. என் சித்தி இருபது வயதில் உப்பளத்துக்குப் போனவர். விடியுமுன்பே அளத்தில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் உப்பு வாரி, கூடையில் சுமந்து கரையில் கொட்டி அம்பாரமாக்கும் வேலை. உப்புநீரின் செறிவை அளக்கும் போமே அளவில் கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி. அதைத் தேக்கிவைத்துப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் வற்றவிட்டு, 25 டிகிரிக்கு வந்தால்தான் உப்பு படியும். அதற்கு முன்னால் எவ்வளவு வாரினாலும் பலகையில் ஒன்றும் ஏறாது. ஒரு நாவலை எழுத உட்காரும் நாளைப் பற்றியும் எனக்கு இதுவே சரியான அளவுகோலாகத் தோன்றுகிறது. என் கதை அந்த டிகிரிக்கு வந்துவிட்டதா என்று பார்க்க, தெரிந்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதினேன்.

கதை நிகழும் காலம் 2023 டிசம்பர். அந்த மாதம் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தை மூழ்கடித்த மழையை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பெய்தது. கரையில் பனையோலையும் தார்ப்பாயும் போர்த்தி வைத்திருந்த உப்பு அம்பாரங்களை வெள்ளம் கரைத்துக்கொண்டு போயிற்று. கதையின் நாயகி குத்தகைக்கு எடுத்த ஓர் உப்பளத்தில் கணக்கு எழுதுகிறவள். இருப்புப் பதிவேட்டில் எழுதியிருக்கும் உப்பு, கரையில் உண்மையாகக் கிடந்த உப்பைவிட அதிகம் என்பது அவளுக்குத் தெரியும். அவள் கையால்தான் அது எழுதப்பட்டது. இப்போது அம்பாரம் இல்லை, பதிவேடு மட்டும் இருக்கிறது. சேதக் கணக்கெடுக்க ஆள் வரப்போகிறார். அவள் எந்த எண்ணைச் சொல்வாள்?

நாள் முழுவதும் பேரேடும் இருப்புக் கணக்குமாக இருக்கிற எனக்கு இந்தப் பெண்ணின் கையை நன்றாகத் தெரியும். ஓர் எண்ணை அடிக்காமல் திருத்த எந்த இலக்கத்தின் மேல் எந்த இலக்கத்தை எழுத முடியும், கூட்டல் தொகையை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும்போது கண் எங்கே தயங்கும் என்பதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியவை இல்லை. உப்பளத்தைப் பற்றித் தெரியாததைக் கேட்கச் சித்தி இருக்கிறார். வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். அரசு கொடுக்கும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணத்தையும் கைமாற்றுக் கடனையும் கொண்டு குடும்பங்கள் அந்த மாதங்களைக் கடக்கும். நவம்பரில் எழுதினால் சித்தி வீட்டில் இருப்பார். அம்பாரம் கரைந்ததைப் பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது என் நோட்டில் அப்படியே இருக்கிறது: "சத்தம் ஒண்ணும் கேக்காதுளா. ஆறு மாசம் நாங்க தலையில செமந்தது. தண்ணி வடிஞ்ச பெறகு போய்ப் பாத்தா ஓலையும் தார்ப்பாயும் தரையோட தரையா கெடக்கு, அடியில ஒண்ணுமில்ல."

தெரியாதது நடுப்பகுதி. பதிவேட்டில் ஏன் கூடுதலாக எழுதினார்கள்? குத்தகைதாரரின் வங்கிக் கடனுக்காக என்று முதலில் நினைத்திருந்தேன். அது எளிதான விடை; அப்படி வைத்தால் உண்மையைச் சொல்வதில் நாயகிக்கு எந்தத் தடுமாற்றமும் இருக்காது. அந்தக் கூடுதல் எண்ணிக்கையில்தான் பெண்களுக்குக் கூலி போயிருக்கிறது என்றால்? உடம்பு முடியாமல் வராத நாளுக்கும், சுமந்ததைவிட ஒன்றிரண்டு கூடை சேர்த்தும், நாயகியே இரக்கப்பட்டு எழுதியிருந்தால்? அப்போது உண்மையைச் சொன்னால் அடி விழுவது யார் மேல்? இதற்கு விடை என்னிடம் இல்லை. ஆனால் யோசித்துக்கொண்டே இருந்தால் கிடைக்கக்கூடிய விடை இது இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. அவளைக் கணக்கெடுக்க வந்தவர் முன்னால் உட்காரவைத்து, அவர் கேட்கும் கேள்விகளை ஒவ்வொன்றாக எழுதி, அவள் வாய் திறக்கும் இடம்வரை போய்ப் பார்த்தால்தான் தெரியும். வேகமாக எழுதுவதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு பக்கமாக மூன்று ஆண்டு எழுதினால், முதல் அத்தியாயத்துப் பெண்ணும் இருபதாம் அத்தியாயத்துப் பெண்ணும் ஒரே ஆளாக இருப்பதில்லை. இடையில் எழுதுகிறவர் மாறிவிடுகிறார். நேற்று அவள் என்ன பொய் சொன்னாள் என்பது இன்று காலை எழுதும்போதும் சூடாக நினைவில் இருக்க வேண்டும் என்றால், இடைவெளி விடாமல் எழுதுவது தவிர வேறு வழி இல்லை.

வேகத்தின் கேடும் எனக்குத் தெரியும். நாள்தோறும் இத்தனை சொல் என்று வைத்துக்கொண்டால், எண்ணிக்கையை எட்டுவதற்காகவே இரண்டு பேர் டீக்கடையில் உட்கார்ந்து கதைக்கு வேண்டாததைப் பேசத் தொடங்கிவிடுவார்கள். மழையை மூன்று பத்திக்கு வருணிப்போம். தவிர, 50,000 என்ற எண் ஆங்கிலத்துக்குப் போட்ட கணக்கு. வேற்றுமை உருபும் துணைவினையும் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் நம் மொழியில் அதே கதைக்குச் சொற்கள் குறைவாகவே ஆகும். இரு மொழியிலும் எழுதிப் பார்த்த அனுபவத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்பேன். எனவே சொற்களை எண்ணப் போவதில்லை. ஒரு நாளைக்கு ஒரு காட்சி. அந்தக் காட்சியின் முடிவில் பதிவேட்டைப் பற்றி யாராவது ஒருவருக்குப் புதிதாக ஒன்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது யாராவது ஒன்றை மறைத்திருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை என்றால் அன்றைக்கு எவ்வளவு நீளமாக எழுதியிருந்தாலும் அது காட்சி ஆகாது.

நேரம் என்று பார்த்தால், காலை நான்கரையிலிருந்து ஆறரை வரை. தமிழ்99 விசைப்பலகையில் என் கை ஓரளவு ஓடும். இரண்டு மணி நேரத்தில் ஒரு காட்சியை, திருத்தம் பார்க்காமல், எழுதிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக மதியமும் கிடைக்கும். மழை கடுத்தால் மின்சாரம் போகும். அதற்கு ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் போதும். எழுதியதை அந்த மாதத்தில் யாருக்கும் காட்டப் போவதில்லை.

இப்படியெல்லாம் பார்த்தபின், எழுதுவது என்றே முடிவெடுத்திருக்கிறேன். வீடு ஒத்துக்கொண்டது, கதைக்கு வேண்டியது பெரும்பாலும் சேர்ந்துவிட்டது, தெரியாத ஒன்று எழுதினால் மட்டுமே தெரியக்கூடியது. இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் அடுத்த நவம்பருக்குத் தள்ளியிருப்பேன். வெறும் ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு, முதலில் ஓர் ஆண்டு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள் என்றுதான் சொல்வேன். மாதம் முடியும்போது பாதிதான் வந்திருந்தால் பாதியோடு நிறுத்தாமல், அதே காலை நேரத்தில் டிசம்பரிலும் தொடர்வேன். முடிந்துவிட்டால் அச்செடுத்து அலமாரியில் வைத்துவிட்டுப் பொங்கலுக்குப் பிறகுதான் எடுப்பேன். அப்போது உப்பளங்களில் புதுப் பருவத்துக்குப் பாத்தியை மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்தத் தொடங்கியிருப்பார்கள். சித்தியோடு விடியற்காலையில் போய், எழுதியதில் எது பொய் என்று பார்த்துத் திருத்த வேண்டும். அந்தத் திருத்தத்துக்குக் கெடு எதுவும் வைக்கவில்லை.

முதல் காட்சி, சேதக் கணக்கெடுக்க வந்தவர் ஈரம் காயாத மேசைமேல் பதிவேட்டைத் திறக்கச் சொல்லும் இடம். அதை நவம்பர் 1ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுதுகிறேன்.